ரத்தத்தில் எவ்வளவு ஆனந்தம்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பச்சைப் பின்னணி, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், மேலே பெரிய எழுத்தில் 'உங்கள் ரத்தத்திலேயே இருக்கிறது ஆனந்த மூலக்கூறு'. அதன் அளவைக் கூட்டினால் மூட்டு வலி, தூக்கமின்மை, மனக்கவலை, தொப்பை எல்லாம் போய்விடுமாம். கீழே காப்ஸ்யூல் டப்பா, விலை. பின்னாடியே ஒரு குரல் பதிவு: "ஏம்ப்பா, நீதான் இந்த மாதிரி சமாச்சாரம் எல்லாம் உட்கார்ந்து படிக்கிற ஆளாச்சே, இது நெசந்தானா? மூணு மாசத்துக்குச் சேர்த்து வாங்கினா தள்ளுபடியாம்."

அத்தைக்கு 67 வயது. ரெண்டு முழங்காலிலும் தேய்மானம். மாடிப்படி ஏறுவதை விட்டு ரெண்டு வருஷமாகிறது. 'வேண்டாம் அத்தை' என்று ரெண்டே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அந்த விளம்பரத்தில் பாதி நிஜம். அப்படி ஒரு மூலக்கூறு இருக்கத்தான் செய்கிறது. ரத்தத்திலும் ஓடுகிறது. பெயரிலேயே ஆனந்தம் இருக்கிறது. முழங்கால் வலிக்காக அதைக் கூட்டிப் பார்த்த சோதனைகூட நடந்திருக்கிறது. அதனால் பதில் சொல்வதற்கு முன் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். அப்போது எடுத்த குறிப்புகள்தான் இவை.

கதை கஞ்சாவில் ஆரம்பிக்கிறது. 1964-ல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியல் காவோனியும் கஞ்சாவில் போதை தருவது எது என்று பிரித்தெடுத்துக் காட்டினார்கள். டிஎச்சி என்று சொல்கிறோமே, அதுதான். (ஆராய்ச்சிக்கான சரக்கை மெக்கூலம் போலீஸிடமே கேட்டு வாங்கி, பஸ்ஸில் கொண்டு வந்தார் என்பது அவரே பல பேட்டிகளில் சிரித்துக்கொண்டே சொன்ன கதை.) அது உடம்பில் எங்கே போய் ஒட்டுகிறது என்பது தெரிய இன்னும் 24 வருஷம் ஆனது. 1988-ல் அமெரிக்காவில் ஆலின் ஹவ்லெட்டும் அவர் மாணவர் வில்லியம் டிவேனும் எலி மூளையில் அதற்கான ஏற்பியைக் காட்டினார்கள். இன்று அதன் பெயர் சிபி1.

இங்கேதான் நியாயமான ஒரு கேள்வி வருகிறது. எங்கேயோ வளர்கிற ஒரு செடிக்காகவா மூளை பூட்டு செய்து வைத்திருக்கும்? பூட்டு இருந்தால் வீட்டுக்குள்ளேயே அதற்கொரு சாவி இருக்க வேண்டும். டிவேன் ஜெருசலேமுக்குப் போனார். மெக்கூலம், லூமிர் ஹனுஷ் ஆகியோரோடு சேர்ந்து பன்றி மூளையிலிருந்து அந்தச் சாவியை எடுத்தார். வருஷம் 1992. சமஸ்கிருத 'ஆனந்த'த்தை எடுத்து ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். நமக்கு மொழிபெயர்க்கவே தேவையில்லாத வேதிப்பெயர்! 1995-ல் ரெண்டாவது சாவி கிடைத்தது: 2-அராக்கிடோனைல் கிளிசரால், சுருக்கமாக 2-ஏஜி. மெக்கூலம் குழு நாயின் குடலிலிருந்து எடுத்தது, ஜப்பானில் சுகியுராவின் குழு எலி மூளையில் கண்டது. உடம்பே தயாரிக்கும் இந்தப் பொருள்களுக்கு எண்டோகன்னபினாய்டு என்று பொதுப்பெயர்.

இவை வேலை செய்யும் விதம் மற்ற மூளை ரசாயனங்களைப் போல இல்லை. டோபமைன், செரட்டோனின் எல்லாம் முன்கூட்டியே தயாரித்துச் சின்னச் சின்னப் பைகளில் அடைத்து வைக்கப்படுகின்றன. எண்டோகன்னபினாய்டுகளுக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. செல்லின் சவ்வில் இருக்கும் கொழுப்பிலிருந்து தேவைப்பட்ட நிமிஷத்தில் தயாராகி, பக்கத்திலேயே வேலையை முடித்துவிட்டு, உடனே சிதைக்கப்படுகின்றன. ஃப்ரிட்ஜில் வைக்கிற மாவு மாதிரி இல்லை, அப்போதே அரைத்து அப்போதே தீர்த்துவிடுகிற சட்னி மாதிரி. சிதைப்பதற்கென்றே நொதிகள் உண்டு. ஆனந்தமைடைச் சிதைக்கும் நொதிக்கு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 'ஃபா' என்று பெயர். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வில்லனும் கதாநாயகனுமாக வரப்போகிறது.

இன்னொரு விசேஷம், இவை தலைகீழாகப் பயணிக்கின்றன. வழக்கமாக ஒரு நரம்பு செல் பேசும், அடுத்தது கேட்கும். கேட்கிற செல்லுக்கு இரைச்சல் தாங்காமல் போகும்போது அது எண்டோகன்னபினாய்டைத் தயாரித்துப் பின்பக்கமாக அனுப்புகிறது. பேசுகிற செல்லின் வாயில் இருக்கும் சிபி1-ல் அது போய் ஒட்டியதும் பேச்சு தணிகிறது. 2001-ல் மூன்று குழுக்கள் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தன. அதாவது, ஆனந்த மூலக்கூறு என்று பெயர் வாங்கியிருந்தாலும் அதன் தினசரி வேலை 'போதும், மெதுவா' என்று சொல்வதுதான். வலி, பயம், பசி, எல்லாவற்றிலும் இந்த 'போதும்' தேவைப்படுகிறது. அதனால்தான் இத்தனை நோய்களோடு இதன் பெயர் அடிபடுகிறது.

சரி, பக்கத்துச் செல்லுக்குச் சொல்ல வேண்டிய ரகசியம் ரத்தத்தில் எதற்கு வந்தது?

இந்தத் துறையில் இன்னும் தீராத கேள்வி இது. செசிலியா ஹில்லர்ட் என்கிற ஆய்வாளர் 2018-ல் எழுதிய கட்டுரையின் தலைப்பே, சுற்றிவரும் எண்டோகன்னபினாய்டுகள் எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்பதுதான். மூளை, கொழுப்புத் திசு, குடல், கல்லீரல், தசை, ரத்த செல்கள், ரத்தக் குழாயின் உட்சுவர் என்று எல்லா இடத்திலும் இவை தயாராகின்றன. மீந்தது ரத்தத்தில் கசிகிறது. நான் இதை இப்படிப் புரிந்துகொண்டேன்: தெருவில் நடக்கும்போது தாளிக்கிற வாசனை வருகிறது. யாரோ சமைக்கிறார்கள் என்பது நிச்சயம். ஆனால் எந்த வீடு, எத்தனை பேருக்கு, ருசியாக இருக்கிறதா என்றெல்லாம் தெருவில் நின்றுகொண்டு சொல்ல முடியாது.

அந்த வாசனையும் ரொம்ப மெல்லியது. சாப்பிடாமல் எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனையில் 100 வந்தால், ஒரு மில்லி ரத்தத்தில் ஒரு மில்லிகிராம் சர்க்கரை, அதாவது பத்து லட்சம் நானோகிராம். ஆனந்தமைடு அதே ஒரு மில்லியில் பொதுவாக ஒரு நானோகிராம்கூடத் தேறாது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னும் விலை உயர்ந்த கருவி இல்லாமல் அதைத் துல்லியமாகப் பிடிக்க முடியாது. கருவி இருந்தாலும் வேறு தொல்லைகள். ரத்தத்தை எடுத்துக் குழாயில் சும்மா வைத்தால், குழாய்க்குள்ளேயே ரத்த செல்கள் ஆனந்தமைடை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். செவிலியர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் நோயாளியின் 'ஆனந்தம்' கூடிவிடும்! உடனே குளிர வைத்து, சுழற்றி, செல்களைப் பிரித்தாக வேண்டும். 2-ஏஜி இன்னும் மோசம். தானாகவே தன் உருவை மாற்றி 1-ஏஜி ஆகிவிடும்.

நேரமும் முக்கியம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் எரின் ஹன்லனும் ஈவ் வான் காட்டரும் ஆரோக்கியமான இளைஞர்களை ஆய்வகத்திலேயே தங்க வைத்து, நாள் முழுக்க ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 2-ஏஜி நடுத்தூக்கத்தில் அடிமட்டத்தில் இருக்கிறது. காலையில் ஏறத் தொடங்கி, மதியம் சாப்பாட்டு நேரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகிறது. ரெண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். அப்படியானால் ஒரே ஆளுக்குக் காலை ஆறு மணி ரிப்போர்ட்டும் மதியம் ஒரு மணி ரிப்போர்ட்டும் ரெண்டு வேறு மனிதர்களுடையது போல இருக்கும். ஒரே ஒரு தடவை ரத்தம் எடுத்து, எண்ணைப் பார்த்து 'உங்களுக்கு ஆனந்தம் குறைவு' என்று யாராவது சொன்னால், எத்தனை மணிக்கு எடுத்தது என்று முதலில் கேளுங்கள்.

அப்படியானால் ரத்தத்தில் பார்ப்பதே வீணா? அப்படியும் இல்லை. ஒரே ஆளை, ஒரே விதமாக, திரும்பத் திரும்ப அளந்தால் சில விஷயங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

அதில் என்னை உலுக்கியது தூக்கம். அதே சிகாகோ குழு 14 பேரை நான்கு இரவு எட்டரை மணி நேரமும், இன்னொரு தடவை நான்கு இரவு நாலரை மணி நேரமும் படுக்க வைத்தது. 2016-ல் முடிவுகள் வந்தன. தூக்கம் குறைந்தபோது 2-ஏஜி-யின் உச்சம் இன்னும் மேலே போனது. மதியம் இறங்க வேண்டியது இறங்காமல் இரவு ஒன்பது மணி வரை இழுத்தது. அந்த நேரத்தில் அவர்கள் முன்னால் நொறுக்குத்தீனி வைத்தார்கள். ரெண்டு மணி நேரத்துக்கு முன்புதான் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தவர்கள், அதையும் விட்டு வைக்கவில்லை. எனக்கு ராத்திரி பத்து மணிக்கு முறுக்கு டப்பா தானாகக் கைக்கு வருவது ஏன் என்று ரொம்ப நாளாக ஒரு குழப்பம் இருந்தது. வேலை நெருக்கடியில் ஐந்து மணி நேரம் தூங்குகிற வாரங்களில்தான் அது அதிகம் என்பதைக் குறித்து வைத்துப் பார்த்த பிறகு புரிந்தது. 14 பேர் சின்ன எண்ணிக்கைதான். இருந்தாலும் பசி வேறு, வாய் கேட்பது வேறு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பிரித்துச் சொல்வதற்கு ரத்தத்தில் ஒரு தடயம் கிடைத்த மாதிரி இருந்தது.

ஓட்டம் இன்னொன்று. நீண்ட தூரம் ஓடிய பிறகு வருகிற அந்த மிதப்புக்கு எண்டார்ஃபின்தான் காரணம் என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனால் ரத்தத்தில் ஓடும் எண்டார்ஃபின் மூளைக்குள் சுலபமாக நுழையாது. ஆனந்தமைடு கொழுப்பு என்பதால் நுழையும். 2003-ல் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களை 50 நிமிஷம் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் வைத்தபோது ஆனந்தமைடு ஏறியது. 2012-ல் டேவிட் ரெய்க்லன் குழு மனிதர்களையும் நாய்களையும் ஃபெரட் என்னும் கீரி போன்ற பிராணியையும் டிரெட்மில்லில் ஏற்றியது. மனிதருக்கும் நாய்க்கும் ஏறியது, ஃபெரட்டுக்கு ஏறவில்லை. நெடுந்தூரம் ஓடியே பிழைத்த இனங்களுக்கு மட்டும் இந்தப் பரிசு என்பது அவர்களின் ஊகம். ஜெர்மனியில் 63 பேரை வைத்துச் செய்த 2021 ஆய்வு இன்னும் கெட்டியானது. எண்டார்ஃபினின் ஏற்பிகளை மருந்து கொடுத்து அடைத்துவிட்டு ஓடச் சொன்னார்கள். அப்படியும் மிதப்பு வந்தது, பதற்றம் குறைந்தது. எண்டார்ஃபின் இல்லாமலேயே அது நடக்கும் என்பது இதனால் உறுதி. ஆனந்தமைடுதான் காரணம் என்பதற்கு எலிகளில் சான்று இருக்கிறது, மனிதரில் அது இன்னும் வலுவான சந்தேகம்தான்.

மனக்காயத்தில் கதை குழம்புகிறது. 2001 செப்டம்பர் 11 நியூயார்க் தாக்குதலை நேரில் அனுபவித்தவர்களில், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் வந்தவர்களுக்கு 2-ஏஜி குறைவாக இருந்தது என்று மாத்யூ ஹில் குழு 2013-ல் எழுதியது. அதே வருஷம் வந்த இன்னொரு ஆய்வில் அதே நோய் உள்ளவர்களுக்கு எண்டோகன்னபினாய்டுகள் கூடுதலாக இருந்தன. மேலே சொன்ன குழாய், கடிகாரம், குளிர்பெட்டி எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமில்லை.

இனி தொப்பை. இங்கே நான் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ரத்தத்தில் பார்த்த எண்ணை நம்பி மருந்து வரை போன கதை இது. 2005-ல் ஜெர்மனியில் ஸ்டெஃபான் எங்கெலி குழு, மாதவிடாய் நின்ற பெண்களை அளந்தது. உடல் பருமன் உள்ளவர்களுக்கு ஆனந்தமைடு 35 சதவீதமும் 2-ஏஜி 52 சதவீதமும் கூடுதல். வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்தவர்களிடம் 2-ஏஜி அதிகம் என்று வேறு குழுக்களும் கண்டன. கஞ்சா அடித்தால் பசிக்கும் என்பது ஊரறிந்தது. ஆக, சிபி1-ஐ அடைத்துவிட்டால் எடை குறையும் அல்லவா?

குறைந்தது. ரிமோனபான்ட் என்ற மாத்திரை 2006-ல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. ஒரு வருஷத்தில் வெற்று மாத்திரையைவிட நாலரை, ஐந்து கிலோ கூடுதலாக எடை குறைந்தது. ஆனால் அந்த மாத்திரை வயிற்றில் மட்டும் நிற்கவில்லை, மூளைக்கும் போனது. அங்கே பயத்துக்கும் துக்கத்துக்கும் 'போதும்' சொல்லிக்கொண்டிருந்த வாயையும் அடைத்தது. மனச்சோர்வால் மருந்தை நிறுத்தியவர்கள் வெற்று மாத்திரைக்காரர்களைவிட இரண்டரை மடங்கு. அமெரிக்க நிபுணர் குழு 2007-ல் அனுமதி வேண்டாம் என்றது. 2008 அக்டோபரில் ஐரோப்பா விற்பனையை நிறுத்தியது. 18,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து நடந்துகொண்டிருந்த ஒரு பெரிய சோதனையைப் பாதியில் நிறுத்தி எண்ணிப் பார்த்தபோது, மருந்து எடுத்தவர்களில் நான்கு தற்கொலைகள், வெற்று மாத்திரையில் ஒன்று. இந்தியாவில் 2009-ல் தடை வந்தது.

நாலு கிலோவுக்காக நாலு உயிர் என்று கணக்குப் போடுவது புள்ளியியல்படி சரியில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் மனம் அப்படித்தான் போடுகிறது.

அதே சமயம் இன்னொரு ஆய்வும் உண்டு. கனடாவில் தொப்பை உள்ள 49 ஆண்களை ஒரு வருஷம் சாப்பாட்டிலும் உடற்பயிற்சியிலும் திருத்தினார்கள். இடுப்பு எட்டு சென்டிமீட்டர் குறைந்தது, 2-ஏஜி பாதிக்கும் கீழே விழுந்தது. தொப்பை குறைந்ததால் எண் குறைந்ததா, எண் குறைந்ததால் தொப்பை குறைந்ததா என்று இதிலிருந்து சொல்ல முடியாது. தெருவில் வாசனை நின்றுபோனால் அடுப்பு அணைந்திருக்கலாம். ஆனால் வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொள்வது அடுப்பை அணைப்பது ஆகாது.

கடைசியாக அத்தையின் முழங்கால்.

சிபி1-ஐ அடைப்பது தப்பாகப் போனது, சரி, எதிர்ப்பக்கமாக ஆனந்தமைடைக் கூட்டினால்? வெளியிலிருந்து கொடுப்பதில் பயனில்லை, நிமிஷங்களில் சிதைந்துவிடும். ஆகவே சிதைக்கிற ஃபா நொதியைக் கட்டிப்போட வேண்டும். யோசனை நல்ல யோசனை. மனிதரிலேயே இயற்கை அதைச் செய்து காட்டியும் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் ஒரு பெண், அறுபதுகளில் இடுப்பெலும்பு மாற்று அறுவையும் கையில் ஓர் அறுவையும் நடந்தபோது, வலி மாத்திரை ஏறக்குறைய வேண்டவே இல்லை என்றார். சூடு பட்டால் தோல் கருகும் வாசனை வந்த பிறகுதான் அவருக்குத் தெரியும். பயம், கவலை அவ்வளவாகக் கிடையாது, கொஞ்சம் மறதி உண்டு. மரபணுவைப் பார்த்தால் ஃபா-வுக்கு அருகே ஒரு சின்னத் துண்டு காணோம். ரத்தத்தில் ஆனந்தமைடு கணிசமாக உயர்ந்திருந்தது. 2019-ல் இது வெளியானபோது பத்திரிகைகள் கொண்டாடின.

ஆனால் அதற்கு ஏழு வருஷம் முன்பே முழங்கால் சோதனையின் முடிவு வந்துவிட்டது. ஃபா-வைக் கட்டிப்போடும் ஒரு மருந்தை மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு ரெண்டு வாரம் கொடுத்தார்கள். நொதியின் வேலை 96 சதவீதத்துக்கு மேல் நின்றது. ரத்தத்தில் ஆனந்தமைடு பல மடங்கு ஏறியது. மருந்து செய்ய வேண்டியதை எல்லாம் கச்சிதமாகச் செய்தது. வலி மட்டும் குறையவில்லை! வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. ஒப்பிடுவதற்காகக் கொடுத்த பழைய நாப்ராக்ஸன் மாத்திரை வலியைக் குறைத்தது.

அந்த ஸ்காட்லாந்துப் பெண்ணுக்குப் பிறந்ததிலிருந்தே அப்படி. மூளையும் நரம்பும் அந்த அளவோடு சேர்ந்தே வளர்ந்திருக்கும். 67 வயதில் ரெண்டு வாரம் எண்ணை ஏற்றுவது அதற்குச் சமமில்லை என்பது என் யூகம்.

இதே வகையைச் சேர்ந்த இன்னொரு மருந்தை 2016 ஜனவரியில் பிரான்சின் ரென் நகரில் ஆரோக்கியமான ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தினமும் அதிக அளவு வாங்கிய ஆறு பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஒருவர் இறந்தார். ஃபா-வைத் தடுத்ததால் அல்ல, அந்த மருந்து ஃபா-வோடு நிற்காமல் வேறு பல நொதிகளையும் சேர்த்துத் தடுத்தது என்று அடுத்த வருஷம் லைடன் பல்கலைக்கழகம் தலைமையிலான ஆய்வு காட்டியது. காப்ஸ்யூல் டப்பாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அந்த டப்பாவில் ஆனந்தமைடைக் கூட்டுகிற எதுவும் இருக்கும் என்றே நான் நம்பவில்லை.

இதையெல்லாம் நாலு நிமிஷக் குரல் பதிவாகச் சுருக்கி அத்தைக்கு அனுப்பினேன். கூட்டினவங்களுக்கே முழங்கால் வலி போகலை அத்தை, காசு வீண், டாக்டர் சொல்லிக்கொடுத்த தொடைப் பயிற்சியை விட்டுடாதீங்க, ராத்திரி சீக்கிரம் படுங்க என்று. சாயங்காலம் பதில் வந்தது. "சரிப்பா, வாங்கலை. ஆனா பக்கத்து வீட்டு சரோஜா ஏற்கெனவே மூணு டப்பா வாங்கிட்டா. வலி பாதி போயிடுச்சுங்கறா. அவகிட்ட நான் என்னத்தைச் சொல்ல, நீயே பேசு" என்று சொல்லி நம்பரையும் அனுப்பியிருந்தார். இன்னும் கூப்பிடவில்லை.